அந்தோணியாருக்கு நேர்ந்த பன்

விளக்கை அணைத்ததும் மெட்டில்டாவின் கை தானாகவே கைப்பைக்குள் போய்ச் செபமாலையைத் தேடியது. முதலில் விரலில் பட்டது மகனுக்குப் பார்த்திருந்த மணப்பாடு ஊர்ப் பெண்ணின் போட்டோ இருந்த கவர். அதை ஒதுக்கிவிட்டு, அடியில் சுருண்டு கிடந்த மணிகளை இழுத்துப் பிடித்த பிறகுதான் மூச்சு சீரானது. படம் சின்னதுதாம்மா, நீ ஒரு செபமாலை சொல்லி முடிக்கதுக்குள்ள முடிஞ்சிரும் என்று லிகோரி காலையில் பூசை முடிந்து வரும்போது சொல்லியிருந்தான். சொன்னவன் இப்போது பக்கத்தில் இல்லை. மகன் எடுத்த படத்தைப் பார்க்கவென்று தூத்துக்குடியிலிருந்து ரயிலேறி வந்தவளை முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டு, அவன் வாசல் கதவை ஒட்டிச் சுவரோடு சுவராக நின்றுகொண்டான். வந்து உட்காரேன் என்று சைகை காட்டினாள். தலையை மட்டும் ஆட்டினான். அவனுக்குப் பதிலாகப் பக்கத்து நாற்காலியில் கதிரேசன். லிகோரியோடு ஒரே வீட்டில் குடியிருக்கிற பையன், காரைக்குடிப் பக்கத்துக்காரன், சினிமாவுக்குச் சத்தம் பதிவு செய்கிற வேலை. அவளுடைய தண்ணீர் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்து மடியில் வைத்திருந்தான், யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது போல. அவன் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. மருதமுத்து டாக்டர் ஆஸ்பத்திரியில் அவள் வீட்டுக்காரர் கஸ்பாரைக் கடைசியாக உள்ளே கொண்டுபோனபோது இவன்தான் இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான். மகன் வந்து சேர்வதற்கு முன்னால் மகனுடைய சிநேகிதன் வந்து சேர்ந்திருந்தான். அருள்நிறைந்த மரியே என்று தொடங்கினாள். ஏசிக் குளிர் காதுக்குள் போனது. சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள்.

திரையில் முதலில் தெரிந்தது அவளுடைய அடுப்படி. அட, என்று வாய் திறந்துவிட்டது. காலண்டர் மாட்டுகிற ஆணி, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய ஜன்னல் கம்பி, கைப்பிடி கழன்று கஸ்பார் கம்பி சுற்றிக் கொடுத்த தோசைக்கல். இவ்வளவு பெரிதாகப் பார்த்தால் வீடு வேறு யாருடைய வீடோ போல இருக்கிறது. சொல்லியிருந்தால் ஜன்னலைத் துடைத்திருப்பாளே. படம் பிடிக்க வந்தபோது வீடே தேர்த் திருவிழா மாதிரி இருந்தது, கேமரா, குடை குடையாக விளக்கு, எங்கு கால் வைத்தாலும் ஒயர். வந்த பிள்ளைகள் எல்லாம் எலும்பும் தோலுமாக இருந்தார்கள். கதாநாயகனாக நடித்த பையனுக்குக் கன்னம் ஒட்டிப் போயிருந்தது, இவன் எப்படிலே ஹீரோ என்று கேட்டுவிட்டு அவனுக்கு மட்டும் முட்டையைக் கூடுதலாக வைத்தாள். என்ன கதை என்று லிகோரியிடம் கேட்டாள், அம்மி கழுவிக்கொண்டே, சும்மா கேட்கிற மாதிரி. ரெண்டு பேரை ஒரு கும்பல் மிரட்டிப் பறிக்கிற கதைம்மா என்றான். போலீஸ்ல போயிச் சொல்ல வேண்டியதுதானே என்றாள். அவன் ஒயர் சுற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தினான். போலீசுக்குப் போனா இவங்களைத்தாம்மா பிடிப்பாங்க, அப்ப சட்டம் அப்படி என்றான். அப்படி என்ன தப்புச் செஞ்சாங்க அந்தப் பிள்ளைங்க என்று கேட்டாள். அவன் அவளுடைய முகத்தை ஒருமாதிரி பார்த்தான், நோயாளி டாக்டரைப் பார்க்கிற மாதிரி. பிறகு, நீ படத்தைப் பாரும்மா என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டான். அந்தப் பார்வையை அவள் அன்றைக்கே மறந்துபோனாள். மறக்கவில்லை, எங்கேயோ வைத்துவிட்டாள். சாவியை வைப்பது போல. எத்தனையாவது மணி, விட்டுப்போயிற்று. முதலிலிருந்து தொடங்கினாள்.

படத்தில் அந்த ஒட்டிய கன்னத்துப் பையனும் அவனுடைய சிநேகிதனும் மாடி அறையில் சாப்பிட்டார்கள். லிகோரி படித்த அறை. இரண்டு பேரும் தரையில் சம்மணம் போட்டு, நடுவில் அவளுடைய மண்சட்டி. அன்றைக்கு அவள் வைத்த பாறைமீன் தலைக் குழம்புதான் அது, நிறத்தைப் பார்த்தாலே தெரிகிறது, புளி ஒரு சொட்டுக் கூடிவிட்டது. ஒட்டிய கன்னத்துப் பையன் மீன் தலையைப் பிளந்தான். கன்னத்துச் சதையை, வெற்றிலைக் காம்பைக் கிள்ளுகிற மாதிரி இரண்டு விரலால் நோகாமல் எடுத்தான். எடுத்து அடுத்தவன் சோற்றில் வைத்தான். அவன் தலை நிமிராமல் சாப்பிட்டான். அவ்வளவுதான். வேறு ஒன்றுமே நடக்கவில்லை. ஆனால் மெட்டில்டாவுக்கு அந்தக் கை தெரியும். கஸ்பார் அப்படித்தான் செய்வார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிவிட்டு வந்து, கரிக்கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு உட்கார்ந்தால், தலை மீன் என்றால் கன்னம் அவளுக்குத்தான். கல்யாணம் முடிந்த புதிதில் மாமியார் முன்னால் வைத்துவிட்டார், மாமியார் சிரித்த சிரிப்பில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வாய் திறந்து ஆசையாக ஒரு வார்த்தை பேசத் தெரியாது அந்த மனிதருக்கு. மீன் கன்னம்தான் அவருடைய பேச்சு. பிள்ளைகள் பார்த்துப் பார்த்து வளர்ந்தவை. மகள் மார்சியா மஸ்கட்டில் மாப்பிள்ளைக்கு எடுத்து வைக்கிறாளா என்று தெரியாது. ஆனால் லிகோரி, ஆமாம், லிகோரி எடுத்து வைத்தான். கதிரேசன் முதல் தடவை வீட்டுக்கு வந்திருந்தபோது. சைவக்காரப் பிள்ளை, முள் எது சதை எது என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தது. லிகோரி மீன் தலையை இழுத்து, கன்னத்தை எடுத்து, அவன் தட்டில் வைத்தான். தெரியாதவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறான் என்று அவள் சந்தோஷப்பட்டாள். அடுத்த தடவையும் வைத்தான். அதற்கடுத்த தடவையும். கதிரேசனுக்கு நெத்திலியை முள்ளோடு மெல்லத் தெரிந்த பிறகும் வைத்தான். அவள் பரிமாறிக்கொண்டுதானே இருந்தாள். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுதானே பார்த்தாள்.

அவள் பக்கத்தில் திரும்பவில்லை. திரும்பினால் கதிரேசனின் முகம் இருக்கும். பாட்டிலின் பிளாஸ்டிக் நெறுநெறுவென்றது. சேசுவே, என்று மட்டும் மனசுக்குள் வந்தது. இப்படிப்பட்டவர்களைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும். டிவியில் வருகிற காமெடி தெரியும். ஒருவன் இடுப்பை வளைத்து நடப்பான், இன்னொருவன் ஓடுவான், வீடே சிரிக்கும். ஒரு தடவை அப்படி எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தபோது லிகோரி எழுந்து தண்ணீர் குடிக்கப் போனான். போனவன் வெகுநேரம் வரவில்லை. தண்ணீர்ப்பானை மூடியைத் திறந்து மூடுகிற சத்தம் மட்டும் கேட்டது, திறந்து மூடி, திறந்து மூடி. என்னலே பானைக்குள்ள மீனா பிடிக்கே என்று கஸ்பார் இங்கிருந்து கேட்டார், அதற்கும் சிரித்தார்கள். அந்த மூடிச் சத்தம் இப்போது இந்த ஏசி ஹாலில், இந்தக் குளிரில், இவ்வளவு வருஷம் கழித்து அவள் காதில் கேட்கிறது. என் பிள்ளை அப்படி நடக்கிறதில்லையே என்று ஒரு நினைப்பு ஓடியது. அந்த நினைப்பைப் பார்த்து அவளுக்கே வெட்கமாக இருந்தது. பிள்ளை எப்படி நடக்கிறான் என்பதா இப்போது கேள்வி. பிள்ளை அந்தக் கதவுப் பக்கம் நிற்கிறானா, போய்விட்டானா. திரும்பிப் பார்க்க வேண்டும். கழுத்து திரும்ப மறுத்தது.

திரையில் சாயங்காலம். உப்பளத்து ரோடு, இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல். இரண்டு பையன்களும் நடந்து வருகிறார்கள், கைகூடக் கோத்துக்கொள்ளவில்லை, தோளோடு தோள் உரச, அவ்வளவுதான். ஒரு மோட்டார் பைக் வந்து குறுக்கே நிற்கிறது. இறங்கியவர்களில் ஒருவன் காக்கி பேண்ட் போட்டிருக்கிறான், மேலே சாதாரணச் சட்டை. நிஜப் போலீசா, வேஷமா என்று யாருக்கும் தெரியாது, அந்தப் பிள்ளைகளுக்கும் தெரியாது. காக்கி பேண்ட்காரன் போனை நீட்டுகிறான். போனுக்குள் என்ன படம் என்று காட்டவில்லை, அதைப் பார்க்கிற பையனின் முகத்தைத்தான் காட்டினார்கள். "ஸ்டேஷனுக்குப் போவமா, வீட்டுக்குப் போவமா? நீயே சொல்லு" என்று அவன் கேட்டான், சிரித்துக்கொண்டு, ஓட்டலில் இட்லியா தோசையா என்று கேட்கிற குரலில். சட்டம் இருக்கு தெரியும்ல, உள்ள போனா வெளிய வரும்போது தலை நரைச்சிருக்கும் என்றான். வீட்டில் அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டான். அம்மா என்ற வார்த்தையைக் கேட்டதும் பையன் நிமிர்ந்து பார்த்தான். மெட்டில்டாவும் நிமிர்ந்தாள். அடப்பாவி, என்னை வைத்தா மிரட்டுகிறாய். என்னைக் காட்டியா என் பிள்ளையைப் பயமுறுத்துகிறாய். அவளே ஓடிப்போய் அந்த ரோட்டில் நின்று, தெரியும்லே, எனக்கு எல்லாம் தெரியும், என்ன செய்வே என்று கேட்க வேண்டும் போல இருந்தது. ஆனால் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லையே. அதுதானே அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. காக்கி பேண்ட்காரன் கையை நீட்டி அந்தப் பையனின் சட்டைக் காலரை விலக்கினான். உள்ளே சங்கிலி மின்னியது. மெல்லிய சங்கிலி, நுனியில் மாதா சுரூபம். கழற்று என்று அவன் சொல்லவில்லை. விரலை மட்டும் மடக்கிக் காட்டினான்.

கவரிங் சங்கிலி. படத்துக்காகக் கடையில் வாங்கியது. வாங்கிக்கொண்டு வந்த அன்றைக்கு மேசையில் கிடந்ததை அவளே பார்த்தாள், பார்த்து, நம்ம சங்கிலி மாதிரியே இருக்குல்லா என்று சொல்லவும் செய்தாள். லிகோரி ஆமா என்றான். அந்த ஆமாவுக்குள் இவ்வளவு இருந்திருக்கிறது. அவன் புதுநன்மை, முதல் நற்கருணை, வாங்கிய அன்றைக்கு அவள் போட்ட சங்கிலி, தன் கம்மலை அழித்துச் செய்தது, பனிமய மாதா சுரூபத்தோடு. காலேஜில் கடைசி வருஷம் ஒரு சாயங்காலம் கழுத்தில் இல்லாமல் வந்து நின்றான். கடல்ல குளிக்கும்போது அலை இழுத்துட்டும்மா என்றான். தலை நனைந்துதான் இருந்தது. இப்போது தெரிகிறது, தலையைப் போய் நனைத்துக்கொண்டு வந்திருக்கிறான். என் பிள்ளை ஒரு பொய் சொல்வதற்காகக் கடலுக்குள் போய் முங்கி எழுந்து வந்திருக்கிறான். கஸ்பார் திட்டவில்லை. மறுநாள் கடல் வற்றுகிற நேரம் பார்த்து, மணல் சலிக்கிற சல்லடையைத் தூக்கிக்கொண்டு போனார். எங்கலே குளிச்சே, காட்டு என்று அவனையும் கூட்டிக்கொண்டு. முழங்கால் தண்ணீரில் குனிந்து குனிந்து மத்தியானம் வரைக்கும் மண்ணை அள்ளிச் சலித்தார். லிகோரி கரையில் நின்றிருக்கிறான். இல்லாத இடத்தில் அப்பா தேடுவதைப் பார்த்துக்கொண்டு. வந்து படுத்தவனுக்கு அன்றிரவே காய்ச்சல். வெயில் ஏறிவிட்டது என்று நெற்றியில் வேளாங்கண்ணி எண்ணெய் தடவினாள். அதற்குப் பிறகு அவன் சட்டையின் மேல் பொத்தானைத் திறந்து விட்டதே இல்லை. எந்த வெயிலிலும். சங்கிலி இல்லாத கழுத்தைக் காட்ட வெட்கப்படுகிறான் என்று நினைத்தாள். அவன் காய்ச்சலில் கிடந்தபோது போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்து, யாருப்பா என்று இவளே கேட்டாள். சிநேகிதன்மா, சும்மாதான், உடம்பு தேறுனதும் வரச் சொல்லுங்க என்றான் ஒருவன், ரொம்ப மரியாதையாக. நல்ல பையன் என்று நினைத்தாள். கேட்டவுடனே போய்ப் பிள்ளையை எழுப்பி, ஒன் சிநேகிதன் விசாரிச்சான் என்று சொன்னாள். மாதாவே. அருள்நிறைந்த, அருள்நிறைந்த. மணி நகரவில்லை.

ஆனால் அதுகூடப் பரவாயில்லை. அதற்குப் பிறகு அவள் செய்ததுதான். தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவர் அந்தோணியார். சாவி தொலைந்தாலும் ரேஷன் கார்டு தொலைந்தாலும் அவர்தான். அவருக்குச் செவ்வாய்க்கிழமை. கிடைத்தால் கோயில் வாசலில் பன் வாங்கிக் கொடுக்க வேண்டும், அது அவருக்கும் சனங்களுக்கும் உள்ள ஏற்பாடு. அவள் நேர்ந்துகொண்டாள். சங்கிலி கிடைத்தால் கோயில் நிறைய சனத்துக்குப் பன். அன்றையிலிருந்து செவ்வாய்க்கிழமை தோறும் குடும்ப செபத்தில் கடைசியாக அதையும் சேர்த்தாள். விளக்கை ஏற்றி, எல்லாரையும் முழங்கால் போட வைத்து, அந்தோணியாரே, எம் பிள்ளை தொலைச்சதக் கண்டுபிடிச்சுக் குடும், அது எங்க கெடந்தாலும், எந்தக் கைக்குப் போயிருந்தாலும், பத்திரமா வீடு கொண்டுவந்து சேரும் என்று சத்தமாகச் சொல்வாள். எழுதி வைத்துப் படித்த செபம் இல்லை. அவளாகச் சொன்னது, சொல்லிச் சொல்லி வாயில் ஊறிப்போனது. எல்லாரும், எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்பார்கள். லிகோரியும் சொன்னான். அவளுக்குப் பக்கத்தில்தான் முழங்கால் போடுவான். சொன்னான், வாரம் தவறாமல் சொன்னான், சென்னைக்கு வேலைக்குப் போகும் வரைக்கும் சொன்னான். மார்சியா, எம்மா அந்தச் சங்கிலிய சுறா முழுங்கிச் செரிச்சிருக்கும் என்று கேலி செய்வாள். கஸ்பார், அந்தோணியாரே மறந்திருப்பாரு, நீ விட மாட்டியா என்பார். லிகோரி மட்டும் ஒன்றும் சொன்னதில்லை. அவள் நினைத்தாள், பிள்ளைக்குச் சங்கிலி மேல் அவ்வளவு ஆசை. ஆறிப்போகிற புண்ணை வாரத்துக்கு ஒரு தடவை, விளக்கேற்றி, முழங்கால் போட்டு, எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறாள். போதும் தாயே, விட்டுவிடு என்று ஒரு நாளாவது கத்தியிருக்கலாமே அவன். கத்தவில்லை. பக்கத்தில் முழங்கால் போட்டான்.

இனி என்ன செய்வது. கவர் கைப்பைக்குள் விரலை இடித்தது. மணப்பாட்டுப் பெண், பி.எட். முடித்தவள், கோயில் பாடல் குழுவில் பாடுகிறாள், நல்ல முகம். அவர்களிடம் என்ன சொல்வது. போட்டோவைக் கொடுத்தனுப்பிய லூர்து டீச்சர் என்ன சொல்வாள், மாதா சபைப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து என்ன பேசுவார்கள், அவள் உள்ளே போனதும் பேச்சு எப்படி நிற்கும் என்று அவளுக்கு இப்போதே கேட்டது. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்ல வேண்டுமா. சொல்வதென்றால் எதைப் பாவம் என்று சொல்வது, யாருடைய பாவம் என்று சொல்வது. சாமியார் ஏதாவது சொல்லி, அது அவளுக்குப் பிடிக்காமல் போனால், பிறகு அவரிடம் எப்படி நற்கருணை வாங்குவது. அந்தச் சட்டம் இப்போது இல்லை என்று லிகோரி சொல்லியிருக்கிறான், கோர்ட்டில் எடுத்துவிட்டார்களாம். அவன் ஊருக்கு வந்திருந்த ஒரு சாயங்காலம், காரணமே இல்லாமல் பெரிய பெட்டி நிறைய மக்ரூன் வாங்கிக்கொண்டு வந்தான். என்னலே விசேஷம் என்றாள். சும்மாம்மா, சாப்பிடு என்றான், கண்ணெல்லாம் சிவந்து, சிரித்துக்கொண்டு. அவள் தின்றாள், பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தாள். அன்றைக்குத்தானோ. அன்றைக்குத்தான். பிள்ளைக்குப் பெரிய பண்டிகை வந்திருக்கிறது, தாய்க்கு என்ன பண்டிகை என்று தெரியாமலே பலகாரம் தின்றிருக்கிறாள். இனிப்பாகத்தான் இருந்தது. முந்திரி நிறையப் போட்டது.

அப்போது திரையில் ஒரு பெண்ணின் முதுகு தெரிந்தது. சாமி படத்துக்கு முன்னால் முழங்காலில் இருக்கிற ஒரு குண்டுப் பெண்பிள்ளை, கொண்டை சரிந்து, ரவிக்கை முதுகில் தையல் பிரிந்து. யார் என்று யோசித்து, தான்தான் என்று தெரிந்தபோது அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மாவாக நடிக்க இருந்த பெண்மணிக்குக் காய்ச்சல் என்று, முகம் தெரியாதும்மா, சும்மா முழங்கால் போட்டு நீ எப்பவும் சொல்ற செபத்தைச் சொல்லு, எதுன்னாலும் சரி என்று லிகோரி கேட்டான். எது வாயில் வந்ததோ அதைச் சொன்னாள். சொல்லி முடித்தும் யாரும் போதும் என்று சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தால் லிகோரி கேமராவுக்குப் பின்னால் குனிந்தபடி இருந்தான். காதில் பெரிய கருவியை மாட்டிக்கொண்டு மைக் பிடித்திருந்த கதிரேசன், அதைக் கழற்றி வைத்துவிட்டுப் பின்வாசலுக்குப் போய்த் துவைகல் பக்கம் நின்றுகொண்டிருந்தான். கண்ணுல தூசிம்மா என்றான். அவள் முந்தானையைச் சுருட்டி ஊதி அவன் கண்ணில் ஒற்றினாள். அவளுடைய குரலை, மூச்சோடு மூச்சாக, அந்தக் கருவி வழியாக அவன் அவ்வளவு பக்கத்தில் கேட்டிருக்கிறான். எல்லாம் தெரிந்தே கேட்டிருக்கிறான்.

முதுகு போய்விட்டது. கடல். அந்த ஒட்டிய கன்னத்துப் பையன் தனியாக நிற்கிறான். கழுத்தில் ஒன்றுமில்லை. போன் அடிக்கிறது, எடுக்கவில்லை, செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஜோடியாக வைக்கிறான், போனை அதன் மேல் வைக்கிறான். ஏன் இவ்வளவு ஒழுங்காக வைக்கிறான். லிகோரிதான் செருப்பை அப்படி வைப்பான், சின்னதிலிருந்து. பையன் தண்ணீருக்குள் இறங்குகிறான். கணுக்கால், முழங்கால், இடுப்பு. அன்றைக்கு லிகோரி தலையை நனைத்துக்கொண்டு வருவதற்குத்தான் போயிருப்பான் என்று நினைத்தாளே. அதற்குத்தான் போனானா. நனைக்க மட்டும்தான் போனானா. அலை மார்பில் அடிக்கிறது. பையன் நிற்கவில்லை. "எய்யா, போகாதய்யா" என்று மெட்டில்டா சத்தமாகச் சொல்லிவிட்டாள். பின்னால் யாரோ அசைந்தார்கள். அவள் பாதி எழுந்திருந்தாள், செபமாலை கீழே விழுந்துவிட்டது. கதிரேசன் அவள் கையைப் பிடித்தான். சில்லென்று இருந்தது, பாட்டில் பிடித்திருந்த கை. அவள் அதை உதறவில்லை. இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், இவனையும் கடல் கொண்டுபோய்விடும் என்பது போல.

பிறகு கடல் சத்தத்துக்கு மேல், வேறெங்கிருந்தோ, ஒரு குரல் கேட்டது. எம் பிள்ளை தொலைச்சதக் கண்டுபிடிச்சுக் குடும். அது எங்க கெடந்தாலும். எந்தக் கைக்குப் போயிருந்தாலும். கரகரத்த, படிப்பில்லாத, தூத்துக்குடிப் பொம்பளைக் குரல். பத்திரமா வீடு கொண்டுவந்து சேரும். கடலுக்குள் அந்தப் பையன் நின்றான். அலை அவனைத் தள்ளியது, இழுத்தது. வெகுநேரம் நின்றான். பிறகு கரையைப் பார்த்துத் திரும்பினான். அடுத்து வீடு, விளக்கு, அந்த முதுகு, முதுகுக்குப் பக்கத்தில் சொட்டச் சொட்ட நனைந்த தலையோடு அவன் வந்து முழங்கால் போடுகிறான். எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்கிறான். முதுகு திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பாரேண்டி என்று மெட்டில்டா தன்னையே திட்டினாள். அதற்குள் திரை கறுத்து, எழுத்துக்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. அந்தக் குரல் அவனைக் கூப்பிட்டதா, குத்தியதா. அவளால் தீர்மானிக்க முடியவில்லை. இரண்டும்தானோ என்னவோ. ஒன்று மட்டும் தெரிந்தது. பக்கத்தில் முழங்கால் போடுவதற்கு அவன் ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்திருக்கிறான்.

விளக்குப் போட்டார்கள். கைதட்டினார்கள். கண்ணாடி போட்ட ஒரு பெண் மைக்கைப் பிடித்து, படத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசலாமா என்று தொடங்கினாள். கதிரேசன் குனிந்து செபமாலையை எடுத்துக் கொடுத்தான். கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "எந்திரிய்யா, போவோம்" என்றாள். கையை விடாமலேயே எழுந்தாள். நடுவழியில் யாரோ, நீங்கதான் அந்த அம்மாவா என்று கேட்டார்கள். ஆமா என்று சொல்லிவிட்டு நடந்தாள். கதவுக்கு வெளியே, மாடிப்படி திரும்புகிற இடத்தில், லிகோரி முதுகைக் காட்டிக்கொண்டு சுவரில் இருந்த அறிவிப்புப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தான். பலகையில் ஒன்றுமே ஒட்டியிருக்கவில்லை. சின்னப்பிள்ளையில் எதையாவது உடைத்துவிட்டால் இப்படித்தான் நிற்பான், சுவரைப் பார்த்து, காதுகள் மட்டும் சிவந்து. "லிகோ" என்றாள். திரும்பினான். தாடியில் இரண்டு நரைமுடி. கழுத்து வரைக்கும் பொத்தான் போட்ட சட்டை, கழுத்தெல்லாம் வேர்வை. அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் கையை நீட்டி அந்த மேல் பொத்தானைக் கழற்றி விட்டாள். வேர்வையை முந்தானையால் துடைத்தாள். கழுத்து வெள்ளையாக இருந்தது, வெயிலே படாத கழுத்து.

"இங்கன பக்கத்துல பன் எங்கலே கெடைக்கும்?" என்று கேட்டாள்.

அவனுக்கு விளங்கவில்லை. பசிக்காம்மா, வீட்டுக்குப் போயிருவோம் என்றான். 

"பசி இல்ல. அந்தோணியாருக்கு நேர்ந்திருக்கேம்லா."

"எம்மா." அவன் சுவரில் கையை ஊன்றிக்கொண்டான். "சங்கிலி கெடைக்கலம்மா. அது போனது போனதுதான்."

"சங்கிலிய இப்ப யாருலே கேட்டா" என்றாள் மெட்டில்டா.

அவன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள், முழங்கால் வலிக்க வலிக்க. அவன் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். சேலை நனைந்தது. அப்பா சல்லடைய எடுத்துட்டுப் போனாரும்மா, நான் பாத்துக்கிட்டே நின்னேம்மா என்று அவன் அழுகைக்குள் என்னவோ சொன்னான். தெரியும்லே, அவரு இப்ப அதுக்கெல்லாம் சிரிச்சிக்கிட்டு இருப்பாரு என்றாள். நிஜமாகச் சிரித்துக்கொண்டிருப்பாரா என்று அவளுக்குத் தெரியாது. சொல்லி வைத்தாள். கேட்பதற்கு இன்னும் எவ்வளவோ இருந்தது. அன்றைக்குப் போனில் விசாரித்தவன் யார், அவர்கள் இப்போதும் கூப்பிடுகிறார்களா, மார்சியாவுக்குத் தெரியுமா, நீங்கள் இரண்டு பேரும் காலம் பூராவும் இப்படியேவா. அவளுக்குப் புரியாதது நிறைய இருந்தது. எல்லாவற்றுக்கும் வேறு நாள் இருக்கிறது. நின்றுகொண்டிருந்த கதிரேசனை அண்ணாந்து பார்த்து, நீ போயி வாங்கிட்டு வாய்யா, நேத்துப் பன் வேண்டாம், மெதுவா இருக்கணும், திராட்சை வச்சது இருந்தா நல்லது என்றாள்.

கதிரேசன் தயங்கினான். அவள் வீட்டுப் பழக்கமெல்லாம் அவனுக்கு மனப்பாடம். "இன்னைக்கு ஞாயித்துக்கிழமைம்மா. செவ்வாய்க்கிழமைதானே குடுக்கணும்?"

"முன்னக்கூட்டிக் குடுத்தா அவரு வேண்டாம்னா சொல்லுவாரு? போ."

அவன் இரண்டு இரண்டு படியாக இறங்கி ஓடினான். பெரிய காகிதப் பை நிறைய வாங்கிவந்தபோது கூட்டம் கலைந்து வெளியே வந்துகொண்டிருந்தது. மெட்டில்டா படி திரும்புகிற இடத்தில் எழுந்து நின்று, வருகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு பன்னை வைத்தாள். எதுக்குமா என்று கேட்டவர்களிடம், நேர்ச்சை, சாப்பிடுங்க என்றாள். மைக் பிடித்த பெண்ணுக்குக் கொடுத்தாள். ஒட்டிய கன்னத்துப் பையனை நிறுத்தி, இன்னும் இளைச்சுத்தான் இருக்கே என்று சொல்லிக் கொடுத்தாள். படத்தில் காக்கி பேண்ட்டில் வந்து மிரட்டியவன் கூச்சப்பட்டு ஒதுங்கிப் போனான், பெற்ற பிள்ளை மாதிரி அவள் வீட்டில் மூன்று வேளையும் தின்றவன், அவனையும் கூப்பிட்டு இரண்டாகக் கொடுத்தாள். கடைசியில் பைக்குள் மூன்று மிஞ்சியது. ஒன்றைக் கதிரேசனிடம் நீட்டினாள், ஒன்றை மகனிடம். தனக்கு ஒன்றைப் பிட்டு வாயில் போட்டாள். இனிப்புக் கொஞ்சம் தூக்கல். லிகோரி படியில் உட்கார்ந்தபடியே, கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, தன் பன்னைப் பிட்டான். உள்ளிருந்த திராட்சையை இரண்டு விரலால் நோகாமல் எடுத்தான். எடுத்து, என்ன செய்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல், பக்கத்தில் இருந்த கதிரேசனின் உள்ளங்கையில் வைத்தான். வைத்த பிறகுதான் அம்மா இருப்பது நினைவுக்கு வந்து, விரல் பாதியில் நின்றது.

மெட்டில்டா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "வைய்யி, வைய்யி" என்றாள், மென்றுகொண்டே. "ஒங்கப்பா பன்னுலயும் அப்படித்தான்."